மேல் ஸ்டிக்கரும் கீழ்த் தேதியும்: உறைந்த உணவு வாங்குவோர் கவனத்திற்கு

அரிய உணவுப் பொருள்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு மளிகைக் கடையில், பிற வாடிக்கையாளர்கள் அதன் இணையதளத்தில் எழுதியிருந்த கருத்துகளை நம்பி, உறைந்த இறால், குங்குமப்பூ மசாலாத் தூள், ட்ரஃபிள் என்ற அரிய காளான் வகையின் சுவையூட்டிய சிப்ஸ் ஆகிய மூன்றையும் கடந்த மாதம் வாங்கினேன். மூன்றிலுமே ஏமாந்தேன் என்றாலும் மூன்றும் ஒரே அளவிலான ஏமாற்றம் அல்ல. சிப்ஸில் ஏமாந்ததற்கு என் அவசரமே பெரும்பகுதிக் காரணம். இறாலில் நடந்ததை மட்டும் மோசடி என்றே சொல்வேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

இறால் பாக்கெட்டுக்கு நானூறுக்கும் மேற்பட்ட கருத்துகளும், சராசரியாக 4.6 நட்சத்திரங்களும் இருந்தன. தனித்தனியாக உறைய வைக்கப்பட்டது என்று முகப்பிலேயே அச்சிட்டிருந்தார்கள். அப்படி உறைய வைத்த இறாலைக் குலுக்கினால் கூழாங்கற்களைப் போலச் சலசலக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததோ செங்கல்லைப் போல ஒரே கட்டியாக இருந்தது. ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் பனி திரண்டிருந்தது. இறாலிலிருந்து கசிந்த நீர் அடியில் தேங்கி மறுபடியும் உறைந்தால்தான் அப்படி நிறமேறிய பனி உண்டாகும். அதாவது, என் கைக்கு வருவதற்கு முன்பே அந்தப் பாக்கெட் ஒருமுறையாவது உருகி, மீண்டும் உறைந்திருக்கிறது.

இது வெறும் ருசி பற்றிய குறை அல்ல. தொழிற்சாலையில் மிக வேகமாக உறைய வைக்கும்போது பனிப்படிகங்கள் நுண்ணியவையாக இருப்பதால் தசையின் அமைப்பு பெரிதாகக் குலைவதில்லை. உருகியதைக் கடையின் சாதாரண ஃப்ரீசரில் மறுபடி வைக்கும்போது அது மெதுவாக உறைவதால் படிகங்கள் பெரிதாகி, தசைச் செல்களைக் கிழித்துவிடுகின்றன. சமைக்கும்போது நீரெல்லாம் வெளியேறி, மிஞ்சுவது ரப்பர்தான். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் கிருமிகள் பெருகுவது நின்றுபோகுமே தவிர, அவை எல்லாம் செத்துவிடுவதில்லை. உருகிக் கிடந்த நேரத்தில் பெருகியவை அப்படியே உறைந்து காத்திருக்கும். அவற்றுள் சில உண்டாக்கும் நச்சுகள் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. என் அக்கா மட்டும் அன்று அடுப்படியில் நின்றிருக்காவிட்டால், நான் அதைச் சமைத்தே இருப்பேன். "வாடை சரியில்லை, முதலில் எடை போட்டுப் பார்" என்று அவர்தான் தடுத்தார்.

எடை போட்டதில் இரண்டாவது குறை வெளிப்பட்டது. உறைந்த இறாலின் மேல் மெல்லிய பனிப்பூச்சு ஒன்றைக் கொடுப்பது வழக்கமும் நியாயமும்தான். காற்றுப் பட்டுக் காய்ந்துபோகாமல் அது காக்கிறது. ஆனால் அந்தப் பனி, விற்கப்படும் எடையில் சேராது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற உணவுத் தர அமைப்பு வகுத்துள்ள உறைந்த இறாலுக்கான தரவிதியும், நிகர எடையைப் பனிப்பூச்சு நீங்கலாகவே குறிக்க வேண்டும் என்கிறது. பாக்கெட்டில் 500 கிராம் என்று போட்டிருந்தது. குளிர்ந்த நீரை மெல்லத் தூவிப் பனியை மட்டும் கரைத்து, சல்லடையில் வடிய விட்டு, சமையலறைத் தராசில் வைத்தபோது 362 கிராம் காட்டியது. தராசைச் சந்தேகித்து, ஒரு லிட்டர் தண்ணீரை நிறுத்துச் சரிபார்த்த பிறகுதான் இந்த எண்ணை எழுதுகிறேன். கால் பங்குக்கும் அதிகமாக நான் வாங்கியது பனிக்கட்டியைத்தான்.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்தியது தேதி. பாக்கெட்டின் பின்புறம் கடை தன் பெயருடன் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரில், இன்னும் ஏழு மாதத்திற்குப் பிந்தைய தேதி ஒன்று இருந்தது. ஈரத்தில் அதன் ஓரம் மேலே சுருண்டிருந்ததால் நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில், உற்பத்தியாளர் கறுப்பு மையில் புள்ளி புள்ளியாக அச்சிட்ட தேதி. அது நான்கு மாதங்களுக்கு முன்பே கடந்துபோயிருந்தது. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தத் தேதி, இதற்குமுன் உண்பது சிறந்தது என்ற வகையைச் சேர்ந்தது. இந்த நாளுக்குள் உண்டே ஆக வேண்டும் என்ற வகையைச் சேர்ந்ததன்று. முன்னது தரத்தைப் பற்றியது, பின்னது பாதுகாப்பைப் பற்றியது. இடைவிடாமல் மைனஸ் 18 டிகிரியில் இருந்த பொருள், முன்னதைச் சில மாதங்கள் தாண்டிவிட்டது என்பதாலேயே கெட்டுவிடாது. தேதி கடந்தது என்று சொல்லி விலையைக் குறைத்து விற்றிருந்தால், நானே கூட வாங்கியிருப்பேன். மறைத்து ஒட்டியதுதான் குற்றம்.

மசாலாத் தூளின் கதை சிறியது. டப்பாவின் முகப்பு முழுவதும் குங்குமப்பூ இதழ்களும் செந்நிற இழைகளும் படமாக இருந்தன. உட்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் அச்சிட வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் விதி. அந்த வரிசையில் முதலாவது உப்பு, இரண்டாவது சர்க்கரை, மூன்றாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற தூள். மஞ்சள் நிறமி ஒன்றுக்கும் பின்னால், கடைசியில், குங்குமப்பூ 0.1 சதவீதம் என்றிருந்தது. ஒரு கிராம் குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூக்களிலிருந்து கையால் இழை பறிக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தும், அதைக் குவியல் குவியலாக டப்பாவில் அடைத்துத் தருவார்கள் என்று நம்பியது என் தவறே. சிப்ஸிலும் ட்ரஃபிள் என்று எதுவும் இல்லை. சுவையூட்டி மட்டுமே இருந்தது. வெண் ட்ரஃபிளின் மணத்துக்கு முக்கியக் காரணமான 2,4-டைதயாபென்டேன் என்ற சேர்மத்தைச் செயற்கையாகவும் தயாரிக்க முடியும். "பாக்கெட்டைப் பிரித்ததும் வீடே மணக்கிறது" என்று பத்துப் பேராவது அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மணந்தது உண்மைதான்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, இறாலுக்கான கருத்துகளைத் தேதி வாரியாக, பழையதிலிருந்து புதியது நோக்கி மறுபடியும் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஈராண்டுக்கு முந்தைய கருத்து ஒன்றுடன் இணைத்திருந்த படத்தில் உட்பொருள்கள் இறால், உப்பு என்ற இரண்டே சொற்களில் முடிந்திருந்தன. எனக்கு வந்ததில் நீர், சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் ஆகியவையும் சேர்ந்திருந்தன. அனுமதிக்கப்பட்ட சேர்ப்பொருள்தான், ஆனால் சதை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்படி செய்வதே அதன் பணி. பொருள் மாறிவிட்டது, பழைய பொருள் சம்பாதித்த நட்சத்திரங்கள் மட்டும் மாறாமல் புதியதன் தலைமேல் நிற்கின்றன. அண்மைக் கருத்துகளில் ஒருவர், "மொத்தமாக ஒட்டிக்கொண்டு வந்தது, தூக்கி எறிந்தேன்" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் குறை காணும் ஒரு ஆள் என்று நினைத்துத் தாண்டிப்போனேன்.

கடையைத் தொலைபேசியில் அழைத்தபோது பேசிய இளைஞர் மரியாதையாகவே பேசினார். "மேடம், உறைந்த பொருள்களை நாங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வீட்டில் மின்சாரம் போயிருக்கலாம்" என்றார். பாக்கெட் வந்து சேர்ந்த ஐந்தாவது நிமிடத்தில், டெலிவரிப் பையின் மேலேயே வைத்து எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. அவற்றை அனுப்பியதும் மின்சாரத்தைப் பற்றிய பேச்சு நின்றது. ஸ்டிக்கரைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை. நடந்ததை அவர்கள் தளத்திலேயே ஒற்றை நட்சத்திரத்துடன் எழுதினேன். மறுநாள் வேறொருவர் அழைத்து, கருத்தை நீக்கிவிட்டால் முழுத் தொகைக்கும் ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். எல்லாருக்கும் இப்படித்தான் தருவீர்களா என்று கேட்டேன். "திருப்தி இல்லாதவர்களுக்குத் தருவது வழக்கம்தான்" என்றார், சற்றும் தயங்காமல். 4.6 என்ற அந்த எண் எப்படி அத்தனை உயரத்தில் நிற்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கூப்பனை வாங்கவில்லை. மூன்று நாள்களுக்குப் பிறகு என் கருத்து அங்கே காணப்படவில்லை; பரிசீலனையில் உள்ளது என்ற ஒற்றை வரி மட்டும் என் கணக்கில் தெரிகிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பியபோது அவர்கள் முதலில் கேட்டது ரசீதையும் பாக்கெட்டையும்தான். நல்லவேளையாக, வாடை தாங்காமல் நான் குப்பையில் போடப் போனதை அக்கா பிடுங்கி, இரண்டு பைகளுக்குள் கட்டி வைத்திருந்தார். பாதி உரிந்த ஸ்டிக்கருடன் அது எங்கள் ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் இன்னும் இருக்கிறது. வரும் வாரம் அதிகாரி வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.