கொழும்பு புறக்கோட்டையில் விற்கும், சுருட்டி வைக்கக்கூடிய சதுரங்கப் பலகை: போட்டிக்குச் சரிவருமா?

ராஜாவின் உயரம் 9.5 சென்ரிமீற்றர், கட்டத்தின் பக்கம் 5.5. அளவில் குறை சொல்ல ஏதுமில்லை. அதற்கு அடையாளமாக, ஒரு கட்டத்துக்குள் நாலு காலாள் இறுக்கமாக நிற்கின்றன. மேலதிக ராணியும் இரு நிறத்துக்கும் உண்டு.

சிக்கல் எடையில்தான். அடியில் பாரமில்லாத பிளாஸ்ரிக். இத்தாலியத் திறப்பு என்ற தொடக்க நகர்த்தல்களை ஆடிப் பாருங்கள் (எழுத்தும் எண்ணும் காய் போகும் கட்டத்தின் பெயர்; காய் பெயர் இல்லாவிட்டால் காலாள்): ஈ4 ஈ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 பிஷப் சி5, சி3 குதிரை எஃப்6. அடுத்து டி4 தள்ளி நடுவில் வெட்டுப்பட்டதும் கை பட்டுப் பக்கத்துக் குதிரை சாயும். தவறித் தட்டினால் அந்தக் காயை ஆடத் தேவையில்லை, ஆனால் உங்கள் கடிகாரம் ஓடும்போதே நிமிர்த்தி வைக்க வேண்டும். நேர நெருக்கடியில் அது கொடுமை. அடித்துணியை உரித்து, இரும்பு வொஷர் இரண்டை ஒட்டி, திரும்ப மூடினால் காய் அசையாது.

விரிப்பின் மூலைகள் சுருண்டே நிற்கும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி, பிறகு ஓர் இரவு பாரமான புத்தகங்களுக்கடியில் வையுங்கள். பளபளப்பானதை எடுக்காதீர்கள், மண்டப ரியூப் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். பச்சை மங்கல் நிறம் நல்லது.