'வெரி'யா, 'ரியலி'யா, 'கொயட்'டா?

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் அலுவலகத்தில் வெளிநாட்டுக் கடிதங்களைக் கவனிப்பது என் வேலை. மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை என எதைப் பற்றி எழுதினாலும் ஒரு பெயரடை வந்துவிடும். அது எந்த அளவு என்று காட்ட அதன் முன்னால் இன்னொரு சொல் வேண்டும். வெறுமனே 'குட்' என்று எழுதினால் உப்பில்லாத கஞ்சி போல இருக்கிறது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று சில வருடங்கள் குழம்பினேன், ஒரு முறை பணத்தையும் விட்டேன். கடைசியில் 'வெரி' பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல.

பள்ளியில் இதற்கு வினையடை என்று பெயர் சொல்லி, வினையைச் சிறப்பிக்கும் சொல் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். 'வெரி'யோ வினைக்கு முன்னால் தனியாக நிற்கவே நிற்காது. 'ஐ வெரி லைக் இட்' என்றால் பிழை. 'வெரி மச்' என்று துணைக்கு ஆள் சேர்த்து பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெயரடைக்கு முன்னாலோ இன்னொரு வினையடைக்கு முன்னாலோதான் அதன் வாழ்க்கை. நம் இலக்கணம் இந்த வேலைக்குத் தனிக்கூட்டமே வைத்திருந்தது. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று நன்னூல் ஆறு சொற்களை அடுக்குகிறது. இன்று 'மிக'வும் 'மிகவும்' என்பதும் அந்த ஆறு பேரின் வேலையையும் பார்த்துக்கொள்கின்றன. நமக்கு வரும் சிக்கலில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. ஒரே 'மிகவும்' மனத்தில் இருக்க, ஆங்கிலத்தில் ஏழெட்டுக் கதவுகள் திறந்து கிடக்கின்றன.

சில கதவுகளை உடனே சாத்திவிடலாம். 'டூ' என்பது அளவு மீறிவிட்டது, அதனால் ஏதோ கெட்டது என்ற பொருளைச் சுமந்து வரும். 'யுவர் டிசைன்ஸ் ஆர் டூ குட்' என்று பாராட்டினால், எதற்கு ஒத்துவராத அளவுக்கு நல்லது என்று எதிராளி யோசிப்பார். 'சோ' நன்றி சொல்லும் இடத்தில் இனிக்கும், ஆனால் 'அ சோ குட் டிசைன்' என்று பெயர்ச்சொல்லைப் பின்னால் வைக்க முடியாது. 'பிரிட்டி' நண்பர்களுக்கு. 'இனஃப்' மட்டும் பெயரடைக்குப் பின்னால் போய் உட்காரும் விநோதப் பிறவி. மீதி மூன்று.

முதலில் என் பணத்தைத் தின்ற 'கொயட்' (quite). இங்கிலாந்தில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்கு நீல நூலின் சாய மாதிரியை அனுப்பியிருந்தோம். உள்ளங்கை அகலத் துணி ஒன்று, பின்பக்கம் எண் எழுதிய அட்டையில் ஒட்டியது. 'தி ஷேட் இஸ் கொயட் குட்' என்று பதில் வந்தது. படித்ததும் சந்தோஷம். 'மிகவும் நன்றாக இருக்கிறது' என்று நானே முதலாளியிடம் மொழிபெயர்த்தும் சொன்னேன். அன்று மாலையே நூல் சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் வந்த அடுத்த கடிதத்தில், நீலத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏறட்டும், புது மாதிரி அனுப்புங்கள் என்றிருந்தது. எங்களுக்குப் புரியவே இல்லை. நல்லது என்று சொன்னவர்தானே?

சொன்னார்தான். ஆனால் பிரிட்டிஷ்காரர் 'கொயட் குட்' என்றால் பெரும்பாலும் 'பரவாயில்லை, ஓரளவு நன்று' என்பதே பொருள். அமெரிக்கர் அதையே எழுதினால் 'நன்றாகவே இருக்கிறது' என்ற பக்கம் சாயும். போதாக்குறைக்கு, ஏறி இறங்க இடமில்லாத பெயரடைக்கு முன்னால் வந்தால் இரண்டு நாட்டிலும் அது 'முற்றிலும்' ஆகிவிடும்: 'கொயட் இம்பாசிபிள்' என்றால் ஓரளவு முடியாது என்று அல்ல, முடியவே முடியாது. நேரில் பேசினாலாவது குரலில் பிடிபடும். 'கொயட்' மீது அழுத்தம் விழுந்தால் பாராட்டு இளைக்கும், 'குட்' மீது விழுந்தால் கொழுக்கும். கடிதத்தில் அழுத்தம் ஏது? அன்றிலிருந்து நான் அதை எழுதுவதில்லை. யாராவது எழுதினால், 'இது ஒப்புதலா?' என்று திருப்பிக் கேட்காமல் நூலைத் தொடுவதும் இல்லை.

உண்மையான போட்டி 'வெரி'க்கும் 'ரியலி'க்கும்தான். இரண்டும் ஒரு வகையில் பங்காளிகள். 'வெரி' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அதற்கு 'மெய்யான' என்று பொருள். 'ரியலி'யும் மெய்யைச் சொல்லப் பிறந்ததே. இரண்டுமே நாளடைவில் மெய்யை விட்டு மிகுதியைப் பிடித்துக்கொண்டன. நாம் 'பயங்கர அழகு' என்கிறபோது பயம் எங்கே போனதோ, அங்கேதான் அந்த மெய்யும் போயிருக்கும்.

ஒரு விஷயத்தில் 'ரியலி'யே மேல், மறுக்க மாட்டேன். எந்தப் பெயரடையோடும் அது சேர்ந்துகொள்ளும். 'வெரி'க்கு அந்தத் தாராளம் இல்லை. அடுப்பில் வைத்த நீரை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஹாட்' என்பதற்குப் படிகள் உண்டு: கொஞ்சம் சூடு, நல்ல சூடு. அதனால் 'வெரி ஹாட்' சரி. 'பாய்லிங்' என்பது எல்லையைத் தொட்ட நிலை. கொதித்தது அல்லது கொதிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு முன்னால் 'வெரி' உறுத்தும், 'அப்சொல்யூட்லி' பொருந்தும். 'பெர்ஃபெக்ட்', 'எக்சலன்ட்' எல்லாம் இந்த வகை. எங்கள் ஊர்க் கடிதங்களில் 'வெரி எக்சலன்ட் குவாலிட்டி' பவனி வருவதை இன்றும் பார்க்கிறேன். இன்னொரு குறையும் உண்டு. 'பெட்டர்', 'சீப்பர்' போன்ற ஒப்பீட்டுச் சொற்களுக்கு முன்னால் 'வெரி' வராது, 'மச்' அல்லது 'ஃபார்' வேண்டும். அந்த இடத்தில் 'ரியலி'யாலும் பெரிய உதவி இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் 'வெரி'? அது இருந்த இடத்தை விட்டு நகராது என்பதுதான் காரணம். 'ரியலி' வாக்கியம் முழுக்க உலாவும். வினைக்கு முன்னால் நிற்கும், பெயரடைக்கு முன்னால் நிற்கும், 'நாட்'டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும். நிற்கும் இடம் மாறினால் பொருளும் மாறும். 'தி கிளாத் இஸ் ரியலி நாட் குட்' என்றால் துணி உண்மையிலேயே மோசம். 'தி கிளாத் இஸ் நாட் ரியலி குட்' என்றால் அவ்வளவு நன்றாக இல்லை என்ற மெல்லிய முகச்சுளிப்பு. இரண்டு சொற்கள் இடம் மாறியதில் ஒரு சண்டை முனகலாகிவிட்டது. நானே தடுமாறுகிற இடம் இது. புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் எப்படி ஒப்படைப்பது? 'வெரி'க்கு இந்த ஆட்டம் தெரியாது. 'வெரி நாட் குட்' என்று முறையான கடிதத்தில் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் பிழை கண்ணில் குத்தும். 'அ வெரி குட் டிசைன்' என்று பெயர்ச்சொல்லைப் பின்னால் போட்டாலும் நடுவில் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும். 'கொயட்'டைப் போல 'கொயட் அ குட் டிசைன்' என்று 'அ'வைப் பின்னுக்குத் தள்ளுவதும் இல்லை. இங்கிலாந்தில் ஓர் அளவு, அமெரிக்காவில் ஓர் அளவு என்ற தொல்லையும் கிடையாது. இதெல்லாம் எழுத்துக்கு. தொலைபேசியில் பேசுவது எங்கள் அலுவலகத்தில் வேறொருவர் வேலை என்பதால் பேச்சைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். நான் கேட்ட வரையில் அங்கே 'ரியலி'தான் இயல்பாக வருகிறது. மன்னிப்புக் கேட்கும்போதும் 'ரியலி சாரி' என்பதில் கொஞ்சம் மனிதச் சூடு இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான நோய், அளவுக்கு மிஞ்சிப் பயன்படுத்துவது. ஒரே பத்தியில் மூன்று 'வெரி' வந்தால் மூன்றாவதை யாரும் நம்புவதில்லை. 'வெரி திக் கிளாத்' என்று எழுதுவதற்குப் பதில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) என்று போட்டுவிட்டால் பேச்சே முடிந்தது.

'வெரி' எங்கும் ஒரே அளவு என்றேன். 'நாட்'டுக்குப் பின்னால் அது வரும்போது மட்டும் அந்த வாக்கைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு சரக்கு தாமதமாகிவிட்டது. வாடிக்கையாளரிடமிருந்து வந்த பதிலைப் புதுப் பையன் அச்செடுத்துக் கொண்டுவந்தான். முகத்தில் நிம்மதி.

"அண்ணா, பெரிசாகக் கோபப்படவில்லை. 'நாட் வெரி ஹேப்பி' என்றுதான் எழுதியிருக்கிறார். மிகவும் மகிழ்ச்சி இல்லை, ஆனாலும் ஓரளவு மகிழ்ச்சிதானே?"

இலக்கணப்படி அவன் சொன்னதில் தப்பில்லை. தாளை வாங்கி ஒரு முறை படித்துவிட்டு, முதலாளி இருக்கிறாரா என்று பார்த்துவரச் சொன்னேன்.