பாய்மரப் படகின் உட்புறம்: எதை ஒட்டலாம், எதைத் திருகலாம்?

தென் இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையை ஒட்டிய படகுத்துறைகளில் 1970-களிலும் 80-களிலும் செய்யப்பட்ட கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகள் இன்றும் ஏராளமாக நிற்கின்றன. அவற்றின் உடல் இன்னும் பல ஆண்டுகள் கடலைத் தாங்கும் என்றாலும், உள்ளே இறங்கி நிமிர்ந்தால் பல படகுகளில் தலையில் உரசுவது தொங்கிப்போன உட்கூரைதான். மெல்லிய ஃபோம் சேர்ந்த ரெக்சினைக் கண்ணாடியிழையின்மேல் நேரடியாகப் பசையிட்டு ஒட்டிவிடுவது அன்று பரவலான வழக்கம். வேலை விரைவாக முடிந்தது, கரடுமுரடான உட்பக்கம் மறைந்தது, குளிரும் ஓரளவு தணிந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் ஈரமும் வெயிலின் சூடும் அந்தப் பாலியூரித்தேன் ஃபோமைச் சிதைத்தன. ரெக்சின் கிழியாமல் இருக்கும், பசையும் சுவரிலேயே இருக்கும். இடையில் இருந்த ஃபோம் மட்டும் பழுப்புத் தூளாகிப் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு 28 அடிப் படகைச் சுரண்டித் துடைத்துச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்து எதைப் போடுவது என்று இங்கே பார்க்கிறேன். உட்புறத்தில் போடும் பொருளுக்கு இரண்டு வேலைகள் உண்டு: கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும், சுவர் வியர்க்காமல் காக்க வேண்டும். இரண்டாவது வேலையை விளங்கிக்கொள்ளாமல் நிறத்தையும் துணியையும் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு குளிர்காலத்துக்குள் பூஞ்சைக் கறையைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேபினுக்குள் 18 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 13.5 டிகிரி, அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். சமையலடுப்பில் 1 கிலோ பியூட்டேன் எரிந்தால் சுமார் 1.5 கிலோ நீராவி வெளிப்படும், உறங்குபவர்களின் மூச்சும் அதோடு சேரும். ஆகவே 75 சதவீதம் என்பது மிகைக் கணக்கு அன்று. வெளியே 5 டிகிரி உள்ள இரவில் 8 மில்லிமீட்டர் கண்ணாடியிழைச் சுவரின் உட்பரப்பு தோராயமாக 9.5 டிகிரிக்கு இறங்கிவிடும். 3 மி.மீ. ஃபோம் ஒட்டினால் அது 12 டிகிரி அளவுக்கு ஏறும், ஆனாலும் வியர்க்கும். 10 மி.மீ. ஒட்டினால் 14 டிகிரியைத் தொட்டு, வியர்வை நின்றுவிடும். பழைய முறை ஏன் அரைகுறைப் பலனையே தந்தது என்பதற்கு இந்தச் சில மில்லிமீட்டர் வேறுபாடே விடை.

பழையபடியே ஃபோம் சேர்ந்த ரெக்சினை வாங்கி ஒட்டுவதுதான் முதலில் மனத்தில் தோன்றும் வழி. வளைந்த பரப்பிலும் மூலைகளிலும் அது அழகாகப் படியும், துடைக்க எளிது, கேபினின் உயரத்தைக் குறைக்காது. ஆயினும் அதன் அடிப்படைக் குறை மாறவில்லை: மறைப்பது, குளிர் தடுப்பது ஆகிய இரண்டு வேலைகளையும் மெல்லிய ஒரே அடுக்கு சுமக்கிறது, அது கெட்டால் எல்லாவற்றையும் உரித்துத்தான் ஆக வேண்டும். பசையையும் கவனிக்க வேண்டும். ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து சாதாரண ரப்பர் பசையை இளக்கிவிடும். கோடை வெயிலில் மேல்தளம் கொதிக்கும்போது அந்தப் பசை மேலும் தளரும். இவ்விரண்டையும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட பசையை வாங்காதவர் துணியை எவ்வளவு நல்லதாக வாங்கினாலும் பயனில்லை. அதோடு, பசையின் கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தீப்பற்றக்கூடியது; படகின் அடிப்பள்ளத்தில் தேங்கும் என்பதால், வேலை நடக்கும்போது எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும், அடுப்போ மின்பொறியோ அருகில் இருக்கக் கூடாது.

பாலிப்ரொப்பிலீன் இழைக் கம்பளத்தை ஒட்டுவது இரண்டாவது வழி. நன்றாக இழுபடும், வெட்டுப்பிழைகளை மறைக்கும், தனியாளாகவே ஒட்டலாம், இழையும் மக்காது. ஆனால் அதன் வழியே காற்று தாராளமாகப் போய்வரும். ஈரக்காற்று பின்னால் உள்ள குளிர்ந்த சுவரைத் தொட்டு அங்கேயே நீராகிவிடும். இழை கெடாவிட்டாலும் அதில் படிந்த தூசியிலும் எண்ணெய்ப் பசையிலும் பூஞ்சை வளரும். துணிமணி வைக்கும் பெட்டகங்களுக்குள்ளும், முன்முனைப் படுக்கையின் பக்கச் சுவரிலும் அதை ஏற்றுக்கொள்வேன். அடுப்புக்கு அருகில் ஒருபோதும் வைக்கமாட்டேன்.

வெறும் பெயின்ட் போதும் என்பவர்களும் உண்டு. கோடையில் மட்டும் கடலுக்குப் போகிறவருக்கு அது நேர்மையான தீர்வு: மணல்தாளால் தேய்த்து, எபாக்சி அடிப்பூச்சு கொடுத்து, வெள்ளை அடித்துவிட்டால் கசிவு எங்கே தொடங்குகிறது என்பது உடனே தெரியும். குளிர்காலத்திலும் படகில் தங்குபவருக்கு அது ஒத்துவராது.

என் மனம் சாய்வது இரண்டு வேலைகளையும் இரண்டு பொருள்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையின் பக்கம். சுவரோடு ஒட்டி, மூடிய நுண்ணறைகள் கொண்ட 10 மி.மீ. தடிமனுள்ள நைட்ரைல் ரப்பர் ஃபோம். அதற்கு மேல், கழற்றக்கூடிய பலகை. நைட்ரைல் ஃபோம் நீரை உறிஞ்சாது, வளைவுக்கு ஒத்துப்போகும், பசையை நன்றாகப் பிடிக்கும். பாலியெத்திலீன் ஃபோமும் குளிரை அதே அளவு தடுக்கும், ஆனால் அதன் வழுவழுப்பான பரப்பில் பசை எளிதில் பிடிக்காது. தெர்மகோலை மட்டும் படகுக்குள் கொண்டுவரவே கூடாது. பசையின் கரைப்பான் பட்டாலே அது கரைந்துபோகும், தீப்பிடித்தால் கரும்புகையோடு எரியும். ஃபோம் துண்டுகளுக்கிடையே விரிசல் விடாமல் நெருக்கி ஒட்டுவதும் முக்கியம். விட்ட இடத்தில் காற்று நுழைந்து, வியர்வை அங்கேதான் திரளும்.

மேலே வரும் பலகைக்கு, தலைக்கு மேல் ஒரு பொருளும் பக்கச் சுவருக்கு வேறொரு பொருளும் என்று பிரிப்பது நல்லது. உட்கூரைக்கு 4 மி.மீ. மெரைன் பிளைவுட்டில் மெல்லிய ரெக்சினைப் போர்த்திப் பின்பக்கம் ஸ்டேப்பிள் அடித்துத் திருகிவிடலாம். வெண்மையான பரப்பு சிறிய கேபினுக்கு வெளிச்சம் கூட்டும். பக்கச் சுவர் இரண்டு திசைகளில் வளைவதால் அங்கே பிளைவுட் படியாது. 6 மி.மீ. தடிமனும் நான்கு சென்டிமீட்டர் அகலமும் உள்ள செடார் மரச் சட்டங்களைச் சிறு இடைவெளிவிட்டு நீளவாக்கில் வரிசையாகத் திருகினால் அவை வளைவோடு தாமாகவே ஓடும். செடார் இலேசான மரம், ஈரத்துக்கு எளிதில் மக்காது. இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்பதால் எவர்சில்வர் திருகாணிகளே வேண்டும். ஃபோம் இல்லாமல் மரச்சட்டம் மட்டும் போடுவோர் பலர்; பார்வைக்கு அது மிக அழகு, ஆனால் சட்டங்களுக்குப் பின்னால் சுவர் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும், அந்த நீர் கண்ணில் படாமல் வழியும்.

இதில் உழைப்பு அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 8 மி.மீ. சுவரில் நேரடியாகத் திருகாணி இறக்குவது படகையே துளைப்பதாகும். முதலில் ரீப்பர்களைத் தடித்த எபாக்சிக் கலவையால் சுவரோடு ஒட்டி, அது இறுகிய பிறகே அவற்றில் திருக வேண்டும். ஃபோமும் ரீப்பரும் பலகையும் சேர்ந்து தலைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தையாவது விழுங்கும்; நிமிர்ந்து நிற்க இப்போதே சிரமப்படும் படகில் அது சிறிய இழப்பன்று. அத்தகைய கேபினில் மட்டும், கூரைக்கு நல்ல பசையோடு ரெக்சினை ஒட்டுபவரோடு நான் வாதாட மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மேல்தளத்து உறுப்புகளின் போல்ட்டுகள் உள்ளே வந்து முடியும் இடங்களை ஒட்டி மூடிவிடக் கூடாது. கயிறு இழுக்கும் வின்ச்சுகள், கைப்பிடிகள், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் பிடிப்புத் தகடுகள் ஆகியவற்றைச் சுற்றி நீர் புகாமல் காக்கும் அடைப்பு காலப்போக்கில் கசியும். பால்சா என்னும் இலேசான மரத்தை நடு அடுக்காகக் கொண்ட மேல்தளமாக இருந்தால், கவனிக்கப்படாத கசிவு அந்த மரத்தை உள்ளுக்குள்ளேயே அழுகச் செய்துவிடும். அந்த இடங்களில் மட்டுமாவது நான்கு திருகாணிகளில் கழன்று வரும் சிறு பலகையை வைத்து, எந்தப் பலகைக்குப் பின்னால் எந்தப் போல்ட் இருக்கிறது என்பதை அதன் முதுகில் பென்சிலால் எழுதி வைக்க வேண்டும்.