நட்சத்திரமா, மணியா, சாப்பாட்டுத் தட்டா: லேசான இடப்பக்கப் புறக்கணிப்பை எது பிடிக்கும்?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது வாரம். கை கால் ஓரளவு தேறியிருந்தது. தாளில் சிதறிக் கிடந்த சின்ன நட்சத்திரங்களை ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றையும் அடித்துக் காட்டினார். "நார்மல்" என்றார்கள். அன்று மதியம் தட்டின் வலது பாதியில் ஒரு பருக்கை மிச்சமில்லை. இடது ஓரத்தில் அவரைக்காய்ப் பொரியல் வைத்தது வைத்தபடி இருந்தது. "பொரியல் வைக்கலையாம்மா?" என்று கேட்டார். தட்டைத் திருப்பி வைத்தேன், சாப்பிட்டார்.

இது கண் கோளாறு அல்ல. மூளையின் வலது பக்கம் அடிபட்டால் பலருக்குக் கவனம் இடது பக்கம் போவதே இல்லை. இதைத்தான் இடப்பக்கப் புறக்கணிப்பு என்கிறார்கள். பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துகொள்ளும் அளவுக்கு முற்றியிருந்தால் சோதனையே தேவையில்லை. லேசாக இருக்கும்போதுதான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம்.

கோட்டின் நடுவில் குறி போடச் சொல்வது ஒரு நிமிட வேலை. புறக்கணிப்பு இருந்தால் குறி வலப்பக்கம் தள்ளிப்போகும். ஆனால் லேசாகப் பாதிக்கப்பட்டவர்கள் பலர் இதில் சரியாகவே போட்டுவிடுவார்கள். இதை மட்டும் நம்பக்கூடாது.

நட்சத்திரத் தாள் அதைவிட நல்லது. 1987-இல் வந்த ஒரு சோதனைத் தொகுப்பில் அது ஒரு பகுதி. 54 சின்ன நட்சத்திரங்களை, பெரிய நட்சத்திரங்களுக்கும் எழுத்துகளுக்கும் நடுவே தேடி அடிக்க வேண்டும். தாள்களில் என்னுடைய ஓட்டு மணிச் சோதனைக்குத்தான். 1989-இல் கோத்தியேயும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. 280 வேறு படங்களுக்குள் 35 மணிகள் ஒளிந்திருக்கும். எத்தனை மணி விட்டுப்போனது என்பதோடு, எந்த வரிசையில் வட்டமிட்டார் என்பதையும் சோதிப்பவர் குறித்துக்கொள்வார். தமிழ் படித்துப் பழகியவர்கள் பெரும்பாலும் இடது மேல் மூலையில்தான் தேடத் தொடங்குவார்கள். அப்பா வலது கீழ் மூலையில் தொடங்கினார். கடைசியில் எல்லா மணியையும் கண்டுபிடித்தாலும் அந்தத் தொடக்கமே ஒரு தடயம். (உருது, அரபு படித்து வளர்ந்தவர்களிடம் இதே தடயத்தைத் தேட முடியாது.)

தாள் சோதனை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அமைதியான அறை, அவசரமில்லாத நேரம், நகராத படம். மொத்தக் கவனத்தையும் திரட்டினால் லேசான குறையை ஈடுகட்டிவிடலாம். கடைத்தெருவில் அது நடக்காது.

அந்த இடத்தில்தான் கணினிச் சோதனை ஜெயிக்கிறது. திரையின் இடது பக்கமோ வலது பக்கமோ இரண்டிலுமோ ஒரு புள்ளி சட்டென்று வந்து மறையும். எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும், அதே நேரத்தில் இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். இத்தாலியின் மரியோ பொனாட்டோ குழு 2010-இல் காட்டியது இதைத்தான்: தாளில் தேறியவர்களும் இரட்டை வேலை வந்ததும் இடது புள்ளிகளைத் தவறவிட்டார்கள். கூர்மையில் இதற்கு ஈடில்லை. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இருக்காது, சோர்ந்திருக்கும் நோயாளிக்குக் கஷ்டம். நிஜமாகவே பார்வைப்புலத்தில் (கண்ணுக்குத் தெரியும் பரப்பில்) இடது பாதி போயிருந்தாலும் இடது புள்ளி தெரியாது. அதனால் பார்வைப்புலத்தைத் தனியாகச் சோதித்துவிட வேண்டும்.

நான் கையோடு பிடித்துக்கொண்டது கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோலை. அன்றாட வேலைகளில் பத்து விஷயங்கள்: இடது கன்னத்தைத் துடைக்கிறாரா, இடது சட்டைக் கையை மாட்டுகிறாரா, தட்டின் இடப்பக்கத்தைச் சாப்பிடுகிறாரா, நடக்கும்போது இடப்பக்கக் கதவில் இடிக்கிறாரா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் குறையின் அளவைப் பொறுத்து 0 முதல் 3 வரை, மொத்தம் 30. ஒன்றிலிருந்து பத்து வரை வந்தால் லேசானது. அதே பத்துக் கேள்வியை நோயாளியிடமும் கேட்கலாம். அவர் சொல்வதற்கும் பார்த்தவர் போட்டதற்கும் உள்ள இடைவெளிதான், தன் குறை அவருக்கே எவ்வளவு தெரியவில்லை என்பதைக் காட்டும். அப்பா எல்லாவற்றுக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார்.

இதிலும் சிக்கல் உண்டு. இடது கை அசையாதவர் சட்டைக் கையை மாட்டாமல் விட்டால், காரணம் கையா கவனமா? ஞாபகத்திலிருந்து மதிப்பெண் போடாமல், எதிரில் நின்று பார்த்துப் போட வேண்டும். அமெரிக்காவின் கெஸ்லர் அறக்கட்டளை, எதை எப்படிப் பார்ப்பது என்று இதற்கு ஒரு முறையே வகுத்திருக்கிறது. தெரபிஸ்டிடம் அப்படிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படுக்கையோடு இருப்பவருக்கு மணிச் சோதனையும் பெர்ஜெகோவும் போதும் என்பேன். வண்டி ஓட்டப் போகிறவருக்குக் கணினிச் சோதனையும் கட்டாயம் வேண்டும். அப்பாவுக்கு அது இன்னும் பாக்கி. அதுவரை ஸ்கூட்டர் சாவி என்னிடம்தான் இருக்கிறது.