இருக்கைக் கணக்கைச் சொல்லித்தரும் வகுப்பு: பிரிக்ஃபீல்ட்ஸ் விண்வெளித் தொடர் பற்றி ஒரு மதிப்பீடு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைவீட்டின் மேல்மாடியில் இயங்கும் டியூஷன் மையம் ஒன்று சனிக்கிழமை மாலைகளில் விண்வெளி பற்றிய தொடர் வகுப்பைத் தமிழில் நடத்திவருகிறது. தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டு முதல் படிவம் ஐந்து வரையிலான மாணவர்களுக்கானது என்று அறிவித்திருந்தாலும் பெற்றோரும் உடன் அமரலாம். நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்துக் கட்டணம் 80 ரிங்கிட். உடன் வரும் பெற்றோருக்குக் கட்டணம் இல்லை. திட்டமிட்டதைவிட நெடுங்காலம் விண்ணில் தங்க நேர்ந்த வீரர்களைப் பற்றியது இந்தச் சுற்று. என் மகளுடன் தொடர் முழுவதும் அமர்ந்து கேட்ட நான், இதைப் போன்ற ஒரு முயற்சி தமிழில் நடப்பதைப் பிற பெற்றோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாசா வீரர்களான சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருந்த மாதங்களில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த செய்திகளில் பாதிக்கு மேல் அச்சமூட்டுபவை. உணவு தீர்ந்துவிட்டது, மீட்க ஆளில்லை, உடல் உருக்குலைந்துவிட்டது என்றெல்லாம் படித்து, பிள்ளைகளும் அதையே நம்பியிருந்தார்கள். இந்த வகுப்பின் ஆசிரியர் அந்த அச்சத்தைக் கண்டிக்கவும் இல்லை, அதைக்கொண்டு வகுப்பைச் சுவையாக்கவும் இல்லை. முதல் நாளே கரும்பலகையில் ஒரே ஒரு விதியை எழுதினார்: நிலையத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், நிலையத்தோடு இணைந்து நிற்கும் ஏதேனும் ஒரு கலத்தில் திரும்புவதற்கு ஓர் இருக்கை இருக்க வேண்டும். தொடர் முழுவதும் இந்த விதியிலிருந்துதான் விரிந்தது.

மாணவர்களுக்கு மனிதர்களைக் குறிக்கும் வட்டச் சில்லுகளும் கலங்களைக் குறிக்கும் அட்டைகளும் கொடுத்து, 2024 ஜூன் மாதத்து நிலையை மேசைமேல் அடுக்கச் சொன்னார். ஜூன் 5 அன்று வில்லியம்ஸையும் வில்மோரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் கலம், மறுநாள் நிலையத்தை நெருங்கும்போது, அதன் 28 சிறு உந்துவிசைப் பொறிகளில் ஐந்து செயலிழந்தன. அவற்றில் நான்கு பின்னர் மீண்டன. ஹீலியம் கசிவும் இருந்தது. எட்டு நாள் அளவிலான சோதனைப் பயணமாகத் திட்டமிடப்பட்டது, கோளாறின் காரணத்தைத் தேடி நியூ மெக்சிகோவில் தரைச் சோதனைகள் நடந்த வாரங்களில் நீண்டுகொண்டே போனது. பொறிகளுக்குள் இருந்த டெஃப்லான் அடைப்பு வெப்பத்தில் உப்பி, எரிபொருளின் வழியைக் குறுக்கியிருக்கலாம் என்று பொறியாளர்கள் கருதியதை, வால்வின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து அவர் விளக்கியது எனக்கே புதிய பாடமாக இருந்தது.

அப்போது ஒரு மாணவி, "ஏன் சார், உடனே இன்னொரு கலத்தை அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அட்டைகளைக் காட்டி, "நீயே அனுப்பிப் பாரும்மா" என்றார். அனுப்ப முயன்றபோதுதான் கணக்கின் இறுக்கம் எல்லோருக்கும் புரிந்தது. புதிய கலம் வந்து இணைய நிலையத்தில் இடம் வேண்டும். ஆய்வுகளையும் பராமரிப்பையும் தொடர ஆட்கள் வேண்டும். ஒவ்வொரு கலமும் ஏற்கெனவே ஒரு குழுவுக்கென்று ஒதுக்கப்பட்டது. நாசா எடுத்த முடிவையே மாணவர்கள் மேசைமேல் வந்தடைந்தார்கள்: ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் நால்வர் செல்லவேண்டிய குரூ-9 பயணத்தில் இருவரை மட்டும் அனுப்பி, வில்லியம்ஸும் வில்மோரும் திரும்ப இரண்டு இருக்கைகளைக் காலியாக விடுவது. அந்த டிராகன் கலம் 2024 செப்டம்பர் 28 அன்று நிக் ஹேக், அலெக்சாண்டர் கோர்புனோவ் ஆகிய இருவருடன் புறப்பட்டது. ஜீனா கார்ட்மனும் ஸ்டெஃபனி வில்சனும் தரையில் நின்றார்கள்.

அந்த இருவரின் பெயர்களையும் ஆசிரியர் பலகையில் எழுதிவைத்தது என் நெஞ்சைத் தொட்டது. வில்சன் மூன்று முறை விண்ணோடத்தில் பறந்தவர்; கார்ட்மன் அப்போது தம் முதல் பயணத்துக்காகக் காத்திருந்தவர், பின்னர் 2025 ஆகஸ்டில் குரூ-11 குழுவின் தளபதியாகச் சென்றார். வில்லியம்ஸையும் வில்மோரையும் கொண்டாடும் செய்திகளில் இருக்கையை விட்டுக்கொடுத்தவர்கள் எங்கே இருந்தார்கள் என்று நான் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் அவர்கள் இல்லை.

இடைக்கால ஏற்பாடு பற்றிய பகுதியும் நுணுக்கமானது. ஸ்டார்லைனர் 2024 செப்டம்பர் 6 அன்று ஆளின்றிப் பிரிந்துபோன பிறகு, குரூ-9 வந்துசேரும் வரை, அவசரம் நேர்ந்தால் வில்லியம்ஸும் வில்மோரும் ஏற்கெனவே அங்கே நின்ற குரூ-8 டிராகனில், சரக்கு வைக்கும் இடத்தில் நுரைமெத்தை விரித்துப் படுத்துத் திரும்புவதாக ஏற்பாடு. ஸ்டார்லைனர் உடையை டிராகனின் இணைப்புகளோடு பொருத்த முடியாது என்பதும் இங்கேதான் வந்தது. மாணவர்களின் முகங்களில் அச்சம் போய் யோசனை வந்தது அந்த வேளையில்தான்.

மூன்றாம் வகுப்பே இந்தத் தொடரின் உச்சம் என்பேன். ஸ்டார்லைனர் ஆளின்றிப் புறப்பட்டு ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் பாதுகாப்பாக இறங்கிவிட்டது. அப்படியானால் அதை ஆளின்றித் திருப்பி அனுப்புவதென்று ஆகஸ்ட் 24 அன்று நாசா எடுத்த முடிவு தவறா என்று ஆசிரியர் கேட்டார். படிவம் நான்கு மாணவர் ஒருவர் ஆம் என்று வாதிட்டார், அதுவும் நன்றாகவே வாதிட்டார். ஆசிரியர் அவரை அடக்காமல், முடிவெடுத்த நாளில் கையில் இருந்த தகவல் எது, பின்னர் கிடைத்த தகவல் எது என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதச் சொன்னார். 1986இல் சேலஞ்சர் விண்ணோடமும் 2003இல் கொலம்பியா விண்ணோடமும் வீரர்கள் எழுவரோடு அழிந்ததை அந்த முடிவை அறிவித்தவர்களே நினைவுகூர்ந்ததையும் சொன்னார். கொலம்பியாவுக்குப் பின் விண்ணோடங்கள் நிறுத்தப்பட்டதால், நிலையத்தில் இருந்த கென் போவர்சாக்ஸ், டான் பெட்டிட், நிக்கோலாய் புடாரின் ஆகியோர் கூடுதலாகத் தங்கி, 2003 மே மாதம் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் திரும்ப நேர்ந்த கதை அதோடு இயல்பாக இணைந்தது. முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பயிற்சியை நம் பள்ளிகளில் நான் எங்கும் கண்டதில்லை.

சோவியத் வீரர் செர்கெய் கிரிகல்யோவ் பற்றிய பகுதியிலும் அதே விதிதான். 1991 மே மாதம் சோவியத் விண்வெளி நிலையமான மிர்ருக்குச் சென்ற அவர், தமக்கு மாற்றாக வரவேண்டிய பொறியாளரின் இருக்கை கசாக்ஸ்தானின் தோக்தார் அவுபாக்கிரவுக்குப் போனதால் தங்கிவிட்டார். 311 நாள் கழித்து 1992 மார்ச்சில் இறங்கியபோது அவரை அனுப்பிய சோவியத் ஒன்றியம் இல்லை. நாசா வீரர் ஃபிராங்க் ரூபியோவின் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தில் 2022 டிசம்பரில் குளிர்விப்பு நீர்மம் கசிந்தபின், ஆறு மாதப் பயணம் 371 நாளானது. இடையில் ஆபத்து வந்தால் தப்பிக்க, அவர் உடலுக்கென்றே வார்த்த இருக்கை உறையை டிராகனுக்கு மாற்றிவைத்தார்கள். நம் நாட்டின் ஷேக் முஸாபர் ஷுக்கோர் 2007 அக்டோபரில் ஒரு சோயுஸில் ஏறி, வேறொரு சோயுஸில் இறங்கியவர் என்பதை ஆசிரியர் இங்கே கொண்டுவந்தார். அது திட்டமிட்ட குறுகிய பயணம்தான். ஆனாலும் ஏறிய கலத்திலேயே இறங்க வேண்டியதில்லை என்பதை மலேசியப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது.

உடல்நலம் பற்றிய இறுதி வகுப்பு செறிவாக இருந்தாலும் அவசரப்பட்டது. எடையற்ற நிலையில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு குறையக்கூடும் என்பதையும், அதைத் தடுக்க நாள்தோறும் இரண்டு மணி நேரம் அளவுக்கு உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பதையும் தெளிவாகச் சொன்னார். சுனிதாவின் முகம் ஒட்டிப்போனதாகப் பரவிய படத்துக்கு அவரே அளித்த விளக்கத்தையும், தம் எடை மாறவில்லை என்று அவர் கூறியதையும் எடுத்துக்காட்டினார். குடும்பத்தைப் பிரிந்து, திரும்பும் நாள் தள்ளித் தள்ளிப் போகும் மனநிலையைப் பற்றி மட்டும் சில நிமிடங்களே பேசினார். 286 நாள் கழித்து, 2025 மார்ச் 18 அன்று ஃபுளோரிடா கடலோரத்தில் இறங்கிய சுனிதாவும் வில்மோரும் அந்த மாதங்களை எப்படிக் கடந்தார்கள் என்பதை அறியத்தான் என் மகள் மிகவும் ஆவலாக இருந்தாள்.

வேறு சில குறைகளும் உண்டு. திரையில் காட்டிய படங்களின் குறிப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அவற்றைப் பின்தொடரச் சிரமப்பட்டார்கள். அச்சிட்ட குறிப்பு எதுவும் தரப்படவில்லை. அண்மைய சான்றான சீனாவின் ஷென்சோ-20 கலம் முற்றிலும் விடுபட்டுவிட்டது: 2025 நவம்பரில் அதன் சன்னலில் விரிசல் தெரிந்ததால், குழுவினர் ஷென்சோ-21இல் திரும்ப, புதிதாக வந்த மூவரும், ஆளில்லா ஷென்சோ-22 நவம்பர் 25 அன்று ஏவப்படும் வரை, நம்பகமான கலமின்றிச் சீன விண்வெளி நிலையத்தில் இருந்தார்கள். இருக்கைக் கணக்கைக் கற்றுக்கொண்ட மாணவர்களிடம் இதைத் தேர்வுக் கேள்வியாகவே கொடுத்திருக்கலாம். இதை நான் ஆசிரியரிடம் நேரில் சொன்னேன். அடுத்த சுற்றில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மேல்மாடிக்குச் செங்குத்தான படிகள்தாம், மின்தூக்கி இல்லை. முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது என்பதால் கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவருவதே எளிது. படிவம் நான்கில் இயற்பியல் எடுத்து ஈர்ப்பு விசைப் பாடத்தைப் படிக்கப்போகும் பிள்ளைகளை இங்கே கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்களோடு பெற்றோர் ஒருவர் உடன் அமர்வது நல்லது. மூன்றாம் வகுப்பு விவாதத்தில் அவர்களுக்குத் துணை தேவைப்படும்.