மண்சரிவு எச்சரிக்கைக் கட்டமைப்பு: படமா, தருக்கமா?

24 மணி நேர மழை 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் சிவப்பு எச்சரிக்கை, மாவட்டச் செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்ட நிர்வாகம் எனப் பல கை மாறியே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயனை வந்தடைகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டதைப் பார்த்த மலையகத்தில், இந்தச் சங்கிலியின் கட்டமைப்பு ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட வேண்டும். அதற்கு மூன்று வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

முதலாவது, 2007 இல் வெளியான சிஸ்எம்எல் என்ற வரைபட மொழி. பெட்டியும் அம்புமாக இருப்பதால் கூட்டத்தில் அமர்ந்திருக்கும் எவருக்கும் உடனே விளங்கும். ஆனால், “ஒவ்வொரு லயனுக்கும் இரண்டு தகவல் வழிகள் இருக்க வேண்டும், அவை ஒரே தொலைபேசிக் கோபுரத்தை நம்பியிருக்கக் கூடாது” என்ற நிபந்தனையைப் படத்தின் ஓரத்தில் எழுதிவைக்கலாமே தவிர, அது மீறப்படுகிறதா என்பதை வரைந்த படம் தானாகச் சொல்லாது.

இரண்டாவது, டேனியல் ஜாக்சன் உருவாக்கிய அலோய் என்ற தருக்க மொழியும் அதன் சோதனைக் கருவியும்; இங்கேதான் அது முந்துகிறது. லயன், வழி, கோபுரம் ஆகியவற்றைக் கணங்களாகவும் அவற்றின் தொடர்புகளை உறவுகளாகவும் அறிவித்து, மேற்கண்ட நிபந்தனையை முதல்வரிசைத் தருக்க (‘ஒவ்வொரு’, ‘ஏதோ ஒரு’ எனப் பொருள்களைப் பற்றிப் பேசும் தருக்கம்) வாக்கியமாக எழுதினால், அதை முறியடிக்கும் எதிர் உதாரணத்தைக் கருவியே தேடித் தருகிறது. குறுஞ்செய்தியும் தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கைத்தொலைபேசி அழைப்பும் காகிதத்தில் இரு வழிகள்; கோபுரம் ஒன்றேயானால், மின்சாரம் போகும் இரவில் இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும். அந்த உதாரணம் படமாகவே திரையில் தோன்றுவதால், தோட்டத்தை அறிந்தவர் அதைப் பார்த்துத் திருத்தலாம். இதைப் பெரிய பலமாகக் கருதுகிறேன். எனினும் தேடல் எல்லைக்குட்பட்டது: ஐந்து லயன்கள் வரை பிழை அகப்படவில்லை என்பது ஐம்பதுக்கான நிரூபணம் ஆகாது.

மூன்றாவது, லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ் என்ற மொழி; ‘எப்போதும்’, ‘இறுதியில்’ போன்றவற்றைச் சொல்லும் காலத் தருக்கத்தால் அது நிகழ்வுகளின் வரிசையை ஆராய்கிறது. எச்சரிக்கை நீக்கப்பட்ட செய்தி, எச்சரிக்கைக்கு முன்பே ஒரு லயனை அடையக்கூடுமா என்ற கேள்விக்கு இதுவே பொருத்தம். ஆனால் “செய்தி இறுதியில் வந்து சேரும்” என்ற வாக்கியம் மண்சரிவுக்குப் போதாது. ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டுமெனில் கடிகாரத்தையும் ஒரு மாறியாகச் சேர்க்க வேண்டும், அதனால் சோதிக்க வேண்டிய நிலைகள் பெருகும்.

ஆகவே என் தெரிவு அலோய். 2021 இல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் காலத் தருக்கமும் இருப்பதால், வழிகளின் அமைப்பைச் சரிசெய்த அதே மாதிரியில் வரிசைப் பிழைகளையும் தேடலாம். செய்திகள் பலவாகக் குறுக்கிடும் பகுதிக்கு மட்டும் டிஎல்ஏ பிளஸை நாடினால் போதும்.