கால் நரம்புக்கு "இன்றைக்கு மட்டும்" என்று ஊசி போடுகிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

நேற்றுக் கிண்ணியாவுக்குப் போகும்போது பாலத்தடிக் கடையொன்றின் சுவரில், போன வருடம் என்னை ஏமாற்றியவர்களின் அதே நோட்டீசைப் பார்த்தேன். அதே கால் படம், அதே சிவப்பு எழுத்து, "சத்திரசிகிச்சை இல்லாமல் நரம்புச் சுருளுக்கு ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு". ஊரும் திகதியும் மட்டும்தான் மாறியிருக்கிறது. நரம்புச் சுருள் என்பது காலில் இரத்தம் ஓடுகிற நாளம் புடைத்துச் சுருளுகிற வருத்தம், நாங்கள் அந்த நாளத்தைத்தான் நரம்பு என்று சொல்கிறோம். இவ்வளவு நாளும் வீட்டாரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை, இனிச் சொல்லாமல் இருக்க முடியாது.

நான் திருகோணமலை உப்புவெளியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். விடிய மூன்றரைக்கு இடியப்பத்துக்கு மா குழைக்கத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் அடுப்படியில் நின்றபடிதான், பத்தொன்பது வருடமாக. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இடது முழங்காலுக்குப் பின்னால் நீலமாக ஒன்று தெரிந்தது, பிறகு அது மண்புழு மாதிரிப் புடைத்துக் கெண்டைக்காலின் உட்பக்கமாக இறங்கிவிட்டது. பின்னேரமானால் கால் பாரம், இரவில் கெண்டை பிடித்து இழுக்கும், கணுக்காலில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருக்கும். மச்சாள் சொன்னாள் என்று கன்னியா வெந்நீரூற்றுக்கு இரண்டு தரம் போய் வாளி வாளியாக ஊற்றினேன். ஊற்றும்போது சுகம், வீட்டுக்கு வந்தால் வீக்கம் கூட. சூடு பட்டால் நரம்பு இன்னும் விரியும் என்பது அப்போது தெரியாது.

போன வருடம் நகரத்துக்குள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து "இலவசப் பரிசோதனை" என்று வைத்தார்கள், போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கையடக்கமான லைட் ஒன்றைக் காலில் பிடித்தார், தோலுக்கு மேலே நரம்பெல்லாம் வலை மாதிரிக் கறுப்பாகத் தெரிந்தது. "பாத்தீங்களா அக்கா, எல்லாம் அடைச்சுப்போய் இருக்கு, இந்த இரத்தக்கட்டி இதயத்துக்குப் போனா ஒண்டும் செய்யேலாது" என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று "அவசரப்படாத, பெரியாஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுவம்" என்று சொல்லச் சொல்ல, தொண்ணூறாயிரம் ரூபாய் ஊசி இன்றைக்கு மட்டும் அறுபத்தையாயிரம் என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. சீட்டுக்காசை எடுத்துக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு இல்லை, இலக்கம் எழுதிய ஒரு துண்டு மட்டும். எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா, என்ன குளிசை போடுகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினொரு இடத்தில் ஊசி, அப்புறம் எல்லாருக்கும் ஒரே அளவில் ஒரு இறுக்கமான காலுறை.

நாலாம் நாள் கெண்டைக்கால் உட்பக்கத்தில் கயிறு மாதிரி ஒன்று தடித்து, சிவந்து, நெருப்பாகக் கொதித்தது. சேலை பட்டாலும் நோ. அவர்கள் தந்த நம்பர் வேலை செய்யவில்லை.

மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போனேன். அங்கே டொக்டர் முதலில் பார்த்தது புடைத்த நரம்பை அல்ல, பாதத்தின் மேற்புறத்தில் இரண்டு விரலை வைத்து நாடித் துடிப்பைத் தேடினார். காலுக்குக் கீழே போகிற இரத்தமே குறைவாக இருக்கிறவர்களுக்கு, முக்கியமாகச் சீனி உள்ளவர்களுக்கு, இறுக்கமான காலுறை போட்டால் இருக்கிற இரத்தமும் நின்று புண்ணாகலாமாம். கணுக்காலையும் கெண்டையையும் அளந்துதான் அது தரவேண்டியது. எனக்கு அந்தக் காலுறையை அளவில்லாமல் கையில் தந்தவர்களை நினைத்தால் இப்பவும் வயிறு எரிகிறது.

பிறகு இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற டொப்ளர் ஸ்கேன். இதைத்தான் விபரமாக எழுத வேண்டும், ஏனென்றால் ஏமாற்று எங்கே என்று எனக்கு விளங்கினது இதில்தான். என்னை நிற்க வைத்து, தொடையிடுக்கில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியை வைத்துக்கொண்டு மற்றக் கையால் கெண்டையை அமுக்கி விட்டார். அமுக்கும்போது திரையில் ஒரு நிறம், விட்டவுடன் மற்ற நிறம் கொட்டியது. காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிற நாளத்துக்குள் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுகள் இருக்கின்றன, அவை பழுதானால் ஏறின இரத்தம் திரும்பிக் கீழே விழும். அரைச் செக்கனுக்கு மேல் திரும்பி ஓடினால் கசிவு என்று எடுப்பார்களாம். எனக்குத் தொடையிடுக்கில், பெரிய நாளம் உள்ளே சேருகிற இடத்திலேயே கதவு பழுது. மேலே தாங்கி நிரம்பி வழிய, கீழே பதினொரு குழாயை அடைத்தால் என்ன பயன்? அந்த லைட் தோலுக்கு அடியில் உள்ள நரம்பின் பாதையை மட்டும்தான் காட்டும், இரத்தம் எடுக்க நரம்பு தேடுவதற்கு உதவுகிற சாமான். அடைப்பையோ கசிவையோ அது காட்டாது. ஊசி மருந்து பொய்யில்லை, பழுதான நரம்பை மூடுவதற்கு நுரையாக ஏற்றுகிற முறை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் ஸ்கேன் பார்த்துத்தான் எங்கே, எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டும். எனக்கு வந்தது மேல்நரம்பில் அழற்சியும் இரத்தக்கட்டியும். ஆழத்து நாளத்துக்கு அது போகவில்லை என்று ஸ்கேனில் பார்த்துச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

"இந்த நரம்புக்குச் சிகிச்சை இப்ப செய்யத்தான் வேணுமா டொக்டர்?" என்று கேட்டேன். "நீங்கதான் முடிவெடுக்க வேணும் அம்மா, அவசரம் ஒண்டும் இல்லை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு அழுதுவிட்டேன். மெல்லிய சிலந்தி வலை நரம்பு மட்டும் இருந்து நோவில்லை என்றால் ஒன்றும் செய்யாமலே விடலாம். பாரமும் வீக்கமும் தொழிலைக் கெடுத்தால் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். கணுக்கால் உட்பக்கத் தோல் பழுப்பாகிக் கல்லாக இறுகினால், புண் ஆறாமல் இருந்தால், புடைத்த நரம்பு வெடித்து இரத்தம் வந்தால் தள்ளிப்போடக் கூடாது. இரத்தம் வந்தால் படுத்துக் காலை உயர்த்தித் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் அன்றைக்கே போங்கள். அதோடு மூச்சும் முட்டினால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

லண்டனில் இருக்கிற தங்கையின் மகள், பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை எழுதுகிற நைஸ் (NICE) அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டலை வாசித்துச் சொன்னாள். டொப்ளர் பார்த்த பிறகு முதலில் லேசராலோ ரேடியோ அலையாலோ நாளத்தை உள்ளே சூடாக்கி மூடுவது, அது சரிவராவிட்டால் நுரை ஊசி, அதுவும் சரிவராவிட்டால் சத்திரசிகிச்சை. காலுறையை மட்டும் சிகிச்சையாகக் கொடுப்பது இவை ஒன்றும் பொருந்தாதபோதுதான். எந்த முறையானாலும் பிறகு வேறு நரம்பு புடைக்கலாம் என்றும் டொக்டர் மறைக்காமல் சொன்னார். "நிரந்தரம்" என்று அவர் வாயில் ஒரு தடவையும் வரவில்லை.

பொலிசில் முறைப்பாடு போட்டேன். துண்டில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, என்னத்தைப் பிடிப்பது? டொக்டர் என்று சொல்கிறவரின் முழுப்பெயரைக் கேளுங்கள், இலங்கை மருத்துவச் சபையின் பதிவேட்டில் ஒன்லைனில் தேடலாம். பெயர் சொல்லத் தயங்கினால் எழும்பி வாருங்கள்.

நான் சிகிச்சை செய்விக்கத்தான் போகிறேன். இன்னும் பத்து வருடமாவது அடுப்படியில் நிற்க வேண்டும், மகள் ஒரு மாதம் கடையைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியாகிவிட்டது, அது வரைக்கும் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்துதான் இடியப்பம் பிழிகிறேன், படுக்கும்போது காலுக்கு இரண்டு தலையணை.

கிண்ணியா நோட்டீசில் வருகிற சனிக்கிழமை என்று போட்டிருக்கிறது. மூதூர், கிண்ணியாப் பக்கம் கால் நோவோடு அம்மாவோ மாமியோ இருந்தால் இன்றைக்கே இதை வாசித்துக் காட்டுங்கள்.